சரிவு நிலத்தில் நெடுங்கைத் தகட்டு முளைச் சுவர்

சரிவு நிலத்தில் நெடுங்கைத் தகட்டு முளைச் சுவர் என்பது, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் விளிம்புகளை உடைய எஃகுத் தகடுகளைச் சரிவான நிலத்துள் செங்குத்தாக இறக்கி, மேட்டுப் பக்கத்து மண்ணைத் தாங்குமாறு அமைக்கப்படும் தாங்கு சுவர் ஆகும். கட்டுமானக் களங்களில் இத்தகடுகள் ஷீட் பைல் என்றே வழங்கப்படுகின்றன. சுவரின் மேற்பகுதியை இழுத்துப் பிடிக்க நங்கூரக் கம்பியோ, முட்டுக்கொடுக்கத் தூலமோ இராது. நிலத்துள் புதைந்துள்ள கீழ்ப்பகுதியின் பிடிப்பை மட்டுமே நம்பி நிற்பதால் இது நெடுங்கைச் சுவர், அதாவது கான்டிலீவர் சுவர், எனப்படுகிறது.

சமதளத்தில் இவ்வகைச் சுவரை வடிவமைக்கும் முறை பாடநூல்களில் விரிவாகக் காணப்படுகிறது. நிலம் சரிவாக இருக்கும்போது அதே முறையில் ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் போதும் என்று தோன்றலாம். ஆனால் சுவருக்குப் பின்னால் நிலம் உயர்வதும், சுவருக்கு முன்னால் நிலம் தாழ்வதும் ஒரே அளவு விளைவைத் தருவன அல்ல. இரண்டாவது மிகவும் கடுமையானது.

வரலாறு

மரத்தாலான தகட்டு முளைகள் மிகப் பழைய காலந்தொட்டே பாலங்களின் அடித்தளப் பணிகளில் பயன்பட்டு வந்துள்ளன. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் வார்ப்பிரும்புத் தகடுகள் பயன்படுத்தப்பட்டன. இன்றைய வடிவத்துக்கு முன்னோடி, செருமனியின் பிரேமன் நகரில் பணியாற்றிய பொறியாளர் டிரிக்வே லார்சன் 1902 இல் உருவாக்கிய தொட்டி வடிவ எஃகுத் தகடு ஆகும். தகட்டை மடிப்புடன் அமைப்பதால் குறைந்த எஃகில் கூடுதல் வளைவு வலிமை கிடைக்கிறது.

கணக்கீட்டின் வரலாறு இதைவிடப் பழையது. பிரெஞ்சுப் படைப் பொறியாளரான சார்லஸ் அகஸ்டின் கூலோம், மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவர். மின்னியலில் அறியப்படும் அதே கூலோம்தான் இவர். 1773 இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் இவர் வாசித்து 1776 இல் அச்சான கட்டுரை, சுவருக்குப் பின்னாலுள்ள மண் ஓர் ஆப்பு வடிவில் வழுக்கி இறங்குவதாகக் கொண்டு அழுத்தத்தைக் கணித்தது. 1857 இல் வில்லியம் ரான்கின், மண்ணின் ஒவ்வொரு புள்ளியும் உடையும் தறுவாயில் இருப்பதாகக் கொண்டு வேறொரு வழியில் அதே வினாவுக்கு விடை கண்டார். தகட்டு முளைகளுக்கெனத் தனியாக எளிய கணக்கீட்டு முறையை 1931 இல் ஹெர்மன் புளூம் வெளியிட்டார். அது இன்றும் கைக்கணக்கில் பயன்படுகிறது.

செயற்பாடு

சுவர் சிறிது முன்னோக்கி நகரும்போது பின்னாலுள்ள மண் தளர்ந்து, தன் எடையின் ஒரு பகுதியை மட்டும் சுவரின்மேல் சாய்க்கிறது. இது தள்ளழுத்தம் (ஆக்டிவ்) எனப்படும். முன்பக்கத்தில் புதைந்த பகுதியோ மண்ணை நெருக்குகிறது. அந்த மண் எழும்பி வழிவிடும் முன் காட்டும் எதிர்ப்பு, எதிர்ப்பழுத்தம் (பாசிவ்) எனப்படும். செங்குத்து அழுத்தத்தை ஒரு கெழுவால் பெருக்கினால் இவை கிடைக்கும். உராய்வுக் கோணம் 30 பாகை உள்ள மணலில், சமதளத்தில், தள்ளு கெழு 0.33 ஆகவும் எதிர்ப்புக் கெழு 3 ஆகவும் இருக்கும். எதிர்ப்பு தள்ளுதலைப்போல் ஒன்பது மடங்கு இருப்பதனால்தான் மேலே எந்தப் பிடியும் இல்லாத சுவர் நிற்க முடிகிறது.

சுவர், நிலத்துள் அடிமுனைக்குச் சற்று மேலே உள்ள ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்ப முயல்கிறது. அப்புள்ளிக்குக் கீழே சுவர் பின்னோக்கி நகர்வதால் எதிர்ப்பு பின்பக்கத்தில் எழுகிறது. இந்தக் கீழ்ப்பகுதி விசைகளை ஒரே புள்ளி விசையாகக் கொண்டு, அப்புள்ளியைப் பற்றித் திருப்புத்திறன்களைச் சமன் செய்து ஆழத்தைக் கண்டு, பின் அந்த ஆழத்தை 20 விழுக்காடு கூட்டுவது புளூம் முறையின் சாரம்.

சரிவின் விளைவு

பின்னால் நிலம் மேல்நோக்கிச் சரிந்தால், வழுக்கும் ஆப்பின் எடை கூடுகிறது. தள்ளு கெழு உயர்கிறது. முன்னால் நிலம் கீழ்நோக்கிச் சரிந்தால், எழும்ப வேண்டிய ஆப்பின் மேற்பகுதி இல்லாமற் போகிறது. எதிர்ப்புக் கெழு குறைகிறது. உராய்வுக் கோணம் 30 பாகையும், சுவருக்கும் மண்ணுக்கும் இடையே உராய்வு இல்லை என்றும் கொண்டு கூலோம் முறையில் கணித்தால், பின்பக்கச் சரிவு 10, 15, 20 பாகைகளுக்குத் தள்ளு கெழு முறையே 0.37, 0.40, 0.44 என உயர்கிறது. அதே கோணங்களில் முன்பக்கம் தாழ்ந்தால் எதிர்ப்புக் கெழு 2.20, 1.87, 1.55 எனச் சரிகிறது. 20 பாகையில் தள்ளுதல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியுள்ளது, எதிர்ப்போ பாதியாகிவிட்டது. சரிவு 30 பாகையை எட்டும்போது இரு கெழுக்களும் 0.75 என்ற ஒரே மதிப்பில் வந்து சேர்கின்றன. அந்நிலையில், ஒட்டிணைவு இல்லாத மண்ணில், முன்னாலுள்ள சரிவே விழும் தறுவாயில் இருப்பதால் அது சுவருக்குத் துணை நிற்கும் என எதிர்பார்க்க இயலாது.

ஓர் எடுத்துக்காட்டு

உலர்ந்த மணலில் 3 மீட்டர் உயரத்தைத் தாங்கும் சுவரை எடுத்துக்கொள்வோம். மணலின் உராய்வுக் கோணம் 30 பாகை. எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன். எதிர்ப்புக் கெழுவை 1.5 என்ற பாதுகாப்புக் காரணியால் வகுத்துக்கொள்வோம். இரு பக்க அழுத்தங்களும் முக்கோண வடிவின என்பதால், திருப்புத்திறன் சமன்பாடு மிக எளிதாகிறது. மொத்த உயரத்துக்கும் புதைவாழத்துக்கும் உள்ள விகிதம், வகுத்த எதிர்ப்புக் கெழுவைத் தள்ளு கெழுவால் வகுத்து வரும் எண்ணின் கனமூலம் ஆகும். மண்ணின் எடை இதில் அடிபட்டுப் போகிறது.

இரு பக்கமும் சமதளமாயின், அந்த எண் 6. அதன் கனமூலம் 1.817. எனவே ஆழம் 3.67 மீட்டர், 20 விழுக்காடு கூட்ட 4.4 மீட்டர். பின்பக்கம் மட்டும் 20 பாகை உயர்ந்தால் இது 5.5 மீட்டர் ஆகிறது. முன்பக்கம் மட்டும் 20 பாகை தாழ்ந்தால் 7.9 மீட்டர். மலைச்சரிவில் வழக்கமாக நேர்வதுபோல் இரு பக்கமும் ஒரே சரிவு தொடர்ந்தால் 11 மீட்டர். 3 மீட்டர் மண்ணைத் தாங்க 14 மீட்டர் நீளத் தகடு வேண்டியுள்ளது என்பது இதன் பொருள்.

வளைவுத் திருப்புத்திறனில் ஒரு வியப்பான பொருத்தம் காணப்படுகிறது. நறுக்கு விசை சுழியாகும் இடத்தில், பாதுகாப்புக் காரணி சேர்க்காமல் கணித்தால், சமதளத்தில் சுவரின் ஒரு மீட்டர் நீளத்துக்கு 61 கிலோநியூட்டன் மீட்டர் வருகிறது. பின்பக்கம் மட்டும் சரிந்தாலும் 94. முன்பக்கம் மட்டும் சரிந்தாலும் அதே 94. இரண்டும் சரிந்தால் 164. சுவர் உராய்வைப் புறக்கணித்ததால் எழும் சமச்சீர்மை இது. எனினும் இதிலிருந்து ஒன்று தெரிகிறது: வளைவை மட்டும் பார்த்துத் தகட்டைத் தெரிவு செய்பவருக்கு இரு சரிவுகளும் ஒன்றுபோலவே தோன்றும்; வேறுபாடு ஆழத்தில்தான் வெளிப்படும். விளைவுத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 240 நியூட்டன் உள்ள எஃகில் அதன் மூன்றில் இரு பங்கை அனுமதித்தால், முதல் நிலைக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 380 கன சென்டிமீட்டர் வெட்டுமுக மட்டு போதும். கடைசி நிலைக்கு 1030 வேண்டும்.

வலிமை போதுமானதாக இருந்தாலும் சுவரின் உச்சி நகரும். முக்கோணச் சுமை தாங்கும் நெடுங்கையின் நுனி விலக்கம் நீளத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவது; நீளம் இரட்டித்தால் விலக்கம் 32 மடங்கு. முன்பக்கச் சரிவினால் சுவரின் பிடிப்புப் புள்ளி கீழே இறங்குவதும் நீளம் கூடியதற்கு ஒப்பாகும். நெடுங்கைச் சுவர்கள் பொதுவாக 4 முதல் 5 மீட்டர் உயரத்துக்குள் நிறுத்தப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். சரிவு நிலத்தில் அவ்வரம்பு இன்னும் குறையும்.

கெழுக்களைத் தெரிவு செய்தல்

ரான்கினின் சரிவுச் சூத்திரத்தில் சரிவுக் கோணத்தின் கொசைன் மட்டுமே வருகிறது. ஆதலால் நிலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அச்சூத்திரம் வேறுபடுத்துவதில்லை. மேற்கண்ட மணலுக்கு 20 பாகைச் சரிவில் அது தரும் எதிர்ப்புக் கெழு 2.13, உராய்வற்ற சுவருக்குக் கூலோம் முறை தந்ததோ 1.55. காரணம், ரான்கின் முறையில் அழுத்தம் சரிவுக்கு இணையாகச் செயற்படுவதாகக் கொள்ளப்படுகிறது. இது சுவர் உராய்வுக் கோணம் 20 பாகை என்று சொல்லாமலே ஏற்றுக்கொள்வதற்குச் சமம். கூலோம் சூத்திரத்தில் அவ்வுராய்வை இட்டால் அதே 2.13 கிடைக்கும். கணக்கிடுபவர் அறியாமலே ஓர் உதவியைச் சேர்த்துக்கொள்ளும் இடம் இது.

சுவர் உராய்வு உண்மையில் உண்டு. ஆனால் அதை எதிர்ப்புப் பக்கத்தில் முழுமையாக எடுத்துக்கொள்வதில் இரு இடர்கள் உள்ளன. முதலாவது, கூலோம் கருதியதுபோல் உடைதளம் நேர்கோடாக இராமல் வளைகோடாக இருக்கும். சமதளத்தில் 20 பாகை உராய்வுக்குக் கூலோம் சூத்திரம் 6.1 என்ற கெழுவைத் தருகிறது. இது மெய்யான மதிப்பைவிடத் தெளிவாக மிகை. 1948 இல் ஆல்பர்ட் காக்கோ, ழான் கெரிசெல் ஆகியோர் மடக்கைச் சுருள் வடிவ உடைதளத்தைக் கொண்டு வெளியிட்ட அட்டவணைகள் இக்குறையைப் பெரிதும் நீக்கின. சரிவான நிலத்துக்கும் அவை மதிப்புகளைத் தருகின்றன. இரண்டாவது, எதிர்ப்புப் பக்கத்து உராய்வு சுவரை மேல்நோக்கித் தள்ளுவது. தகட்டு முளை எடை குறைந்தது. அந்த விசையைச் சமன் செய்யப் போதிய கீழ்நோக்கு விசை இல்லையெனில் உராய்வு முழுமையாகத் திரளாது.

சுவருக்கு முன்னால் சரிவு உடனே தொடங்காமல் ஒரு சமதளப் படி இருந்தால் நிலைமை தேறுகிறது. 30 பாகை மணலில் எதிர்ப்பு ஆப்பு முன்னோக்கிச் செல்லும் தொலைவு ஆழத்தைப்போல் 1.73 மடங்கு. அவ்வளவு அகலப் படி இருந்தால் சமதளக் கெழுவையே பயன்படுத்தலாம். மேற்கண்ட 3.67 மீட்டர் ஆழத்துக்கு அது 6.4 மீட்டர். மலைப்பாதை ஓரங்களில் இவ்வளவு இடம் அரிது. படி குறுகலாயின், ஒரே கெழுவைக் கொண்டு ஒப்பேற்றாமல், பல ஆப்புகளை வரைந்து மிகக் குறைந்த எதிர்ப்பைத் தருவதைத் தேர்வது முறை.

களிமண்ணில்

நீர் வடியாத குறுங்கால நிலையில் களிமண்ணின் வலிமை ஒட்டிணைவால் மட்டும் அமைகிறது. சமதளத்தில், ஒட்டிணைவின் நான்கு மடங்கிலிருந்து தாங்கும் மண்ணின் எடை அழுத்தத்தைக் கழித்தால் எஞ்சுவதே சுவருக்குக் கிடைக்கும் நிகர எதிர்ப்பு. ஒட்டிணைவு சதுர மீட்டருக்கு 20 கிலோநியூட்டனும், எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டனும் எனில், 4.4 மீட்டர் உயரத்தில் இது சுழியாகிவிடும். அதற்கு மேல் அதே களிமண்ணில் எவ்வளவு ஆழம் இறக்கினாலும் பயனில்லை. முன்பக்கச் சரிவு இவ்வுயரத்தை மேலும் குறைக்கும். காலப்போக்கில் களிமண் நீரை உறிஞ்சித் தளர்வதால், நெடுங்கால நிலையை உராய்வுக் கோணத்தைக் கொண்டு தனியே ஆராய வேண்டும்.

ஒட்டுமொத்த உறுதிநிலை

இதுவரை கூறியவை யாவும், சுவர் நிற்கும் நிலம் தன்னளவில் உறுதியானது என்ற எடுகோளில் அமைந்தவை. சரிவு நிலத்தில் சுவரையும் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்தே ஒரு பெரும் மண்திரள் வழுக்கக்கூடும். வழுக்குதளம் தகட்டின் அடிமுனைக்குக் கீழே செல்லுமாயின், தகட்டின் வலிமை எவ்வளவு இருந்தாலும் பொருட்டில்லை. எனவே பிஷப் (1955), ஸ்பென்சர் (1967) போன்றோரின் சரிவு உறுதிநிலை முறைகளில் இதைத் தனியே சோதித்தல் இன்றியமையாதது. சரிவு நிலத்தில் இச்சோதனையை முதலில் செய்து, பின் சுவரின் ஆழத்துக்கு வருவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

நீர் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. 30 பாகை உராய்வுள்ள உலர்ந்த மணலில் 20 பாகைச் சரிவின் பாதுகாப்புக் காரணி, இரு கோணங்களின் டான்சென்ட் விகிதமான 1.59 ஆகும். மழையில் மண் நிரம்பி நீர் சரிவுக்கு இணையாகக் கசியத் தொடங்கினால் அது ஏறத்தாழப் பாதியாகி 1 க்குக் கீழே இறங்கும். கோடையில் அசையாத சரிவு மழையில் இறங்குவது இதனால்தான். பூட்டு விளிம்புகளை உடைய தகட்டுச் சுவர் நிலத்தடி நீரின் பாதையையும் மறிக்கிறது. பின்பக்கத்தில் நீர்மட்டம் உயர்ந்தால், வடிதுளைகளும் சரளை வடிகாலும் இல்லாத இடத்தில், மண்ணைவிட நீரே பெரிய சுமையாகும்.

நியூ ஓர்லீன்சு வெள்ளச் சுவர்கள்

இவ்வகைச் சுவரின் வீழ்ச்சிகளுள் மிகவும் ஆராயப்பட்டது ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லீன்சு நகரில் நிகழ்ந்ததாகும். அங்குள்ள வடிகால் கால்வாய்களின் கரைமேடுகளில் தகட்டு முளைகளை இறக்கி, அவற்றின் தலையில் கற்காரைச் சுவர் எழுப்பியிருந்தனர். சுமை மண்ணுக்குப் பதில் வெள்ளநீர் என்பதைத் தவிர, இவை கரைமேட்டின் முகட்டில் நின்று, நகரப் பக்கம் நிலம் தாழ்ந்து செல்லும் நெடுங்கைச் சுவர்களே.

ஆகஸ்ட் 29, 2005 அன்று கத்ரீனா சூறாவளியின்போது 17 ஆம் தெருக் கால்வாயின் சுவர் ஏறத்தாழ 140 மீட்டர் நீளத்துக்கு உடைந்தது. நீர் அப்போது சுவரின் உச்சிக்கு ஒரு மீட்டருக்கும் மேல் கீழேதான் இருந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் இரண்டு செய்திகளை வெளிக்கொணர்ந்தன. ஒன்று, மண் வலிமை பற்றியது. கரைமேட்டின் முகட்டுக்குக் கீழுள்ள களிமண் அம்மேட்டின் எடையால் இறுகியிருந்தது. சரிவின் அடிவாரத்துக்குக் கீழுள்ள களிமண் அவ்வாறு இறுகவில்லை. வடிவமைப்பிலோ இரண்டுக்கும் ஒரே வலிமை கொள்ளப்பட்டிருந்தது. எதிர்ப்பு எங்கே வேண்டுமோ அங்கே மண் வலுக்குன்றியிருந்தது.

மற்றது, சுவர் நகரப் பக்கம் சாய்ந்தபோது கால்வாய்ப் பக்கத்தில் தகட்டுக்கும் மண்ணுக்கும் இடையே பிளவு தோன்றியது. நீர் அதனுள் இறங்கியதும் தகட்டின் முழு ஆழத்துக்கும் நீரழுத்தம் பரவியது. கரைமேடு இரண்டாகப் பிளவுண்டதுபோல் ஆகி, பாதி மேடு மட்டுமே எதிர்த்து நிற்க வேண்டியதாயிற்று. இத்தகைய பிளவு முன்னர் அறியப்படாதது அன்று. அமெரிக்கப் படைப் பொறியாளர் பிரிவு 1985 இல் லூசியானாவில் நடத்திய முழு அளவுக் களச் சோதனையிலேயே அது தென்பட்டிருந்தது. அச்சோதனையின் முடிவுகளைத் தவறாகப் புரிந்துகொண்டு, 9 முதல் 14 மீட்டர் வரை வேண்டிய தகடுகளை ஏறத்தாழ 5 மீட்டரோடு நிறுத்தினர் என்று 2015 இல் ரோஜர்ஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அதே நகரின் லண்டன் அவென்யூ கால்வாயில் சுவர் வீழ்ந்த முறை வேறு: அங்கு தகட்டின் அடிமுனைக்குக் கீழுள்ள மணல் வழியே நீர் கசிந்து மறுபக்கத்து மண்ணைத் தூக்கிவிட்டது.

உடைந்த பகுதிகளில் பின்னர், சாய்வு முளைகள் தாங்கும் தலைகீழ் டி வடிவக் கற்காரைச் சுவர்கள் அமைக்கப்பட்டன. புயலலை கால்வாய்களுக்குள் நுழையாதவாறு தடுக்கும் நிலையான மதகுகளும் நீரேற்று நிலையங்களும் 2018 இல் நிறைவுற்றன.

மாற்று வழிகளும் களப்பணியும்

கணக்கில் வரும் ஆழம் தாங்கும் உயரத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டுமாயின், நெடுங்கைச் சுவரைக் கைவிட்டு வேறு வழி தேடுவதே பெரும்பாலும் சிக்கனமானது. மேற்புறம் ஒரு வரிசை நங்கூரம் இட்டால் ஆழமும் வளைவும் ஒருசேரக் குறையும். ஆனால் நங்கூரத்தின் பிடிபகுதி, வழுக்கக்கூடிய மண்ணுக்கு அப்பால் இருக்க வேண்டும். பின்பக்க மேட்டைச் சற்றுச் செதுக்குவதும், ஒரே உயரச் சுவருக்குப் பதில் தள்ளித் தள்ளி இரு குறுஞ்சுவர்கள் அமைப்பதும் உண்டு. பின்னதில் மேற்சுவர் கீழ்ச்சுவருக்குச் சுமையாவதை மறத்தலாகாது. பாறை மேலாக உள்ள இடங்களில் தகட்டை அடித்து இறக்கவே இயலாது. அங்கு துளையிட்டு நிறுத்தும் எஃகுத் தூண்களும் அவற்றிடையே செருகும் பலகைகளும் பொருந்தும்.

முன்பக்க மண் வடிவமைப்பில் கொண்ட மட்டத்திலேயே என்றும் இருக்கும் என்பது உறுதியன்று. பின்னாளில் யாரேனும் குழாய் பதிக்கத் தோண்டலாம். சரிவில் மழைநீர் அரித்துச் செல்லலாம். இதனாலேயே ஐரோப்பிய வடிவமைப்பு நெறியான யூரோகோடு 7 (2004), நெடுங்கைச் சுவருக்கு உயரத்தின் 10 விழுக்காடு, மிகுதியாக 0.5 மீட்டர் வரை, முன்பக்க மட்டம் தாழ்வதாகக் கொண்டு கணக்கிடச் சொன்னது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 0.3 மீட்டர் தாழ்ந்தால், இரு பக்கமும் சரிந்த நிலைக்குரிய 11 மீட்டர் 12.1 ஆகும். அதுவும் தாழ்ந்த புதிய மட்டத்திலிருந்து அளக்க வேண்டியது.